முள்கம்பியை ஊடையாக்கியவர்

கலிபோர்னியாவின் தெற்குக் கோடியில், சான் டியாகோவிலிருந்து மெக்சிகோ எல்லைக்கு இறங்கும் ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் 1990இல் ஒரு மஞ்சள் பலகை வந்தது. மேலே கொட்டை எழுத்தில் ‘எச்சரிக்கை’ என்ற ஒற்றைச் சொல். கீழே கறுப்பு நிழலுருவாக மூன்று பேர் ஓடுகிறார்கள். முன்னால் குனிந்த தலையோடு அப்பா, பின்னால் அம்மா, அம்மாவின் பிடியில் இழுபட்டுக் கால் தரையில் பாவாமல் வரும் ஒரு சிறுமி. அவள் சடை காற்றில் பறக்கிறது. மான் குறுக்கே வரலாம், மாடு குறுக்கே வரலாம் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்லும் பலகைகளின் அதே மஞ்சள், அதே கறுப்பு.

காரணம் இருந்தது. எல்லை தாண்டி வந்தவர்கள் காவல் படையின் கண்ணில் படாமலிருக்க அந்த நெடுஞ்சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வண்டிகளில் அடிபட்டு இறந்தார்கள். வெறும் எழுத்துப் பலகையை அந்த வேகத்தில் போகிறவர்கள் படிக்கவில்லை, படம் தேவைப்பட்டது. வரைந்தவர் மாநிலப் போக்குவரத்துத் துறையின் வரைகலைஞர் ஜான் ஹூட். நவஹோ பழங்குடியைச் சேர்ந்தவர், வியட்நாம் போரில் சண்டையிட்டவர். அமெரிக்கப் படைவீரர்களிடமிருந்து தப்பி ஓடிய தம் முன்னோர் பற்றி வீட்டில் கேட்ட கதைகள் வரையும்போது மனதில் இருந்ததாகப் பின்னாளில் சொன்னார். துரத்தப்பட்ட ஒரு மக்களின் நினைவு, துரத்தப்படும் இன்னொரு மக்களின் படமாக அரசுச் செலவில் சாலையோரம் நின்றது. இதை ஹூட்டின் மேலதிகாரிகள் எவ்வளவு உணர்ந்திருப்பார்களோ.

அந்த மூன்று உருவங்களைத் தறிக்கும் ஊசிக்கும் கொண்டுபோய்ப் பல ஆண்டுகள் விடாமல் வேலை செய்தவர் நெசவுக் கலைஞர் கொன்சுவெலோ ஹிமெனஸ் அண்டர்வுட். அவருடைய சில துணிகளை வைத்து ஒரு கேள்வியைப் பார்க்க விரும்புகிறேன். புண்படுத்திய பொருளையே நூலாக எடுத்து நெய்யும்போது குணமாவது என்று ஏதாவது நடக்கிறதா? நடந்தால் யாருக்கு?

வயல், எல்லை, தறி

1949இல் சாக்ரமென்டோவில் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் கடைசிக்கு முந்தியவர். அம்மா சிகானா, அதாவது அமெரிக்க மண்ணிலேயே பிறந்த மெக்சிகோ வம்சாவளி. அப்பா மெக்சிகோவின் மேற்கு மலைத்தொடரில் வாழும் உய்ச்சோல் பழங்குடி வழிவந்தவர். அமெரிக்காவில் சட்டப்படி இருக்க அவரிடம் தாள் கிடையாது. பயிர் எங்கே விளைகிறதோ அங்கே போகும் விவசாயக் கூலிக் குடும்பம். பிள்ளைகளும் வயலில் இறங்கினார்கள். வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கு எல்லைக்கோடு பொருட்டே இல்லை, மற்றவருக்கு அதுதான் தினப்படி பயம் என்ற நிலைமையில் வளர்ந்த பெண்.

சிகானோ என்பதும், இப்போது பால் குறிக்காமல் எழுதப்படும் சிகானெக்ஸ் என்பதும் வெறும் பூர்விகத்தைச் சொல்வதில்லை. 1960களின் உரிமைப் போராட்டங்களில் விரும்பி ஏற்ற அரசியல் பெயர் அது. அதற்கு அடியில் கிடப்பது 1848. அந்த ஆண்டு குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையில் மெக்சிகோ தன் நிலத்தில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு இழந்திருந்தது. அங்கே குடியிருந்தவர்கள் ஓர் அடியும் நகராமல் வேற்று நாட்டுக்காரர்கள் ஆனார்கள். ‘நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது’ என்பது இன்றும் ஊர்வலங்களில் கேட்கும் முழக்கம்.

அண்டர்வுட் சான் டியாகோவில் படித்தார், 1987இல் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பை முடித்தார், பிறகு அங்கேயே இருபது ஆண்டுகள் நெசவும் நூல்கலையும் கற்பித்தார். அக்காலத்து அமெரிக்கக் கலைத்துறையில் நெசவு என்றால் கைவினை. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் கீழ்ப்படி. பழங்குடிப் பெண்கள் நெய்தால் அதுவும் இல்லை, சுற்றுலாக் கடைச் சரக்கு. இந்த மூன்று படிகளுக்கும் கீழிருந்து ஏறியவர் கையில் எடுத்த நூல்தான் முள்கம்பி.

வெள்ளையில் வெள்ளை

முள்கம்பிக்கு வருமுன் 1994ஆம் ஆண்டுத் துணி ஒன்றைப் பார்க்க வேண்டும். ‘விர்ஹென் தெ லோஸ் காமினோஸ்’, வழிகளின் கன்னி என்று பெயர். பருத்தியும் பட்டும் சேர்த்து அடுக்குத் தையல் போட்ட மெத்தைத்துணி. நடுவில் குவாதலூப்பே அன்னை, மெக்சிகோ மக்கள் வழிபடும் மரியாள்.

அந்த ஆண்டே ஒரு மாதிரி. ஜனவரி 1இல் அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றுக்கும் இடையே தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. சரக்கு தாராளமாகப் போகலாம். அக்டோபரில் சான் டியாகோ எல்லையை இறுக்கும் ‘கேட்கீப்பர்’ நடவடிக்கை தொடங்கியது. நவம்பரில், தாள் இல்லாதவர்களுக்குப் பள்ளியும் மருத்துவமும் கூடாது என்ற 187ஆம் முன்மொழிவைக் கலிபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றினார்கள். பிறகு நீதிமன்றம் அதை முடக்கியது வேறு கதை.

அன்னையைத் துணியில் வைத்தது ஏதோ அலங்கார யோசனை அல்ல. குவாதலூப்பே அன்னையின் மூலப்படமே ஒரு துணிதான். 1531இல் டெபெயாக் குன்றில் ஹுவான் தியெகோ என்ற பழங்குடியினருக்குக் காட்சி தந்து, அவர் போர்த்தியிருந்த கற்றாழை நார் மேலாடையில் தன் உருவைப் பதித்தாள் என்பது ஐதீகம். அந்த மேலாடை மெக்சிகோ நகரப் பேராலயத்தில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. ஸ்பானியர் வருமுன் அதே குன்றில் தொனான்ட்சின் என்ற தாய்த்தெய்வத்தை வழிபட்டார்கள். 1966இல் சேசர் சாவேஸ் தலைமையில் விவசாயத் தொழிலாளர்கள் டெலானோவிலிருந்து சாக்ரமென்டோவுக்கு நடந்தபோது முன்னால் போனது இந்த அன்னையின் கொடி. கூலிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இந்தப் படம் கோயிலும் தொழிற்சங்கமும் ஒன்றாக இருக்கும் இடம்.

துணியின் உயிர் ஓரங்களில் இருக்கிறது. வெண்ணிறப் பரப்பில் வெண்ணிற நூலால் ‘எச்சரிக்கை’ என்ற சொல்லும், பலகையிலிருந்து இறங்கி வந்த ஓடும் குடும்பமும் மறுபடி மறுபடி தைக்கப்பட்டிருக்கின்றன. நேராக நின்று பார்த்தால் தெரியாது. அடுக்குத் தையலில் ஊசி மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் குத்தி இறங்குவதால் தையல் ஓடும் இடம் பள்ளமாகவும் பக்கங்கள் மேடாகவும் நிற்கும். நூலின் நிறம் துணியின் நிறமே என்றால் கண்ணுக்குக் கிடைப்பது அந்தப் பள்ளத்தில் விழும் நிழல் மட்டும். வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் உருவங்கள் மேலெழும்; நேரே அடித்தால் காணாமல் போகும். எல்லோர் வயலிலும் சமையலறையிலும் இருந்துகொண்டே யார் கண்ணிலும் படாமல் வாழ வேண்டியிருப்பவர்களைக் காட்ட, கண்ணில் படாத தையலைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தோன்றவில்லை. அவருடைய பெரிய, ஆரவாரமான வேலைகளைவிட இது எனக்கு நெருக்கம்.

‘ஓடு, ஜேன், ஓடு!’

பத்து ஆண்டு கழித்து, 2004இல், அடக்கம் போய்விட்டது. ‘ரன், ஜேன், ரன்!’ என்ற பெரிய நெசவில் பலகையின் மஞ்சள் சுவரையே அடைக்கிறது. ஊடையில், அதாவது நெசவின் குறுக்கிழையில், முள்கம்பியும், விபத்து நடந்த இடத்தைச் சுற்றி காவலர் கட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் எச்சரிக்கை நாடாவும் போயிருக்கின்றன.

தலைப்பில் ஒரு குத்தல் இருக்கிறது. 1930களிலிருந்து 60கள் வரை அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது டிக், ஜேன் என்ற இரு வெள்ளைக்காரக் குழந்தைகளின் பாடநூல் வரிசை. ஜேன் ஓடுவாள், புல்வெளியில், நாய்க்குட்டியோடு, சும்மா. வயலுக்கும் பள்ளிக்கும் இடையே வளர்ந்த அண்டர்வுட்டின் தலைமுறை ஆங்கிலம் படித்ததும் இந்த ஜேனைக் கொண்டுதான். நெடுஞ்சாலைப் பலகையில் இழுபடும் சடைக்காரச் சிறுமிக்கு அந்தப் பெயரை வைத்ததும் பாடநூல் தலைகீழாகிறது.

பொருளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நெசவில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு விறைப்பாக இருக்கும், ஊடை வளைந்து கொடுக்கும். பாவிழைக்கு மேலும் கீழும் ஊடை அலையாக நெளிந்து போவதால்தான் இழைகள் ஒன்றையொன்று கவ்வித் துணி ஆகின்றன. ஊடையை விட்டதும் பண்ணை என்ற தறிச்சீப்பை இழுத்து அடித்தால் அது முந்தின ஊடையோடு நெருங்கி உட்கார வேண்டும். முள்கம்பி இதில் எதையும் செய்யாது. நெளியாது, நெளிய வேண்டிய வேலை முழுவதும் பாவின் தலையில் விழும். நெருங்காது, அடுத்த இழைக்கும் அதற்கும் நடுவே சந்து விழும். ஊடையை ஓட்டும் தறி நாடாவில் சுற்ற முடியாது. நீளம் நீளமாக வெட்டி, கையால் ஒவ்வொரு முள்ளையும் பாவிழைகளுக்கு இடையே பார்த்துப் பார்த்துப் படுக்க வைக்க வேண்டும். வேகமாக அடித்தால் முள் பாவை அறுக்கும். ஒரு பாவிழை அறுந்தால் அதைத் தேடிப் பிணைக்கும் வரை தறி நிற்கும். ஆக முள்கம்பியை நெய்யத் துணிபவர் கோபத்தில் நெய்ய முடியாது. கோபம் இருந்தாலும் அது மெதுவாகத்தான் கையில் இறங்க வேண்டும்.

முள்கம்பியின் வரலாறும் இங்கே சும்மா கிடக்கவில்லை. இல்லினாயில் ஜோசப் கிளிடன் 1874இல் காப்புரிமை பெற்ற இந்தக் கம்பி, மேற்குப் புல்வெளிகளைச் சில பத்தாண்டுகளில் அடைத்து முடித்தது. பழங்குடிகளின் வழித்தடமும் மேய்ச்சலும் அதோடு போயின. மெக்சிகோ எல்லையில் அமெரிக்க அரசு முதலில் எழுப்பிய வேலி, 1909 முதல் 1911 வரை, உண்ணி தொற்றிய மாடுகளைத் தடுக்கத்தான். மாட்டுக்கு வந்தது பிறகு மனிதருக்கும் ஆயிற்று. 1990களின் தொடக்கத்தில் சான் டியாகோவில் நின்ற எல்லை வேலி, வியட்நாம் போரில் தற்காலிக விமான இறங்குதளம் போடச் செய்த இரும்புத் தகடுகளை நட்டு வைத்தது. ஹூட் சண்டையிட்ட அதே போர்.

இதெல்லாம் தெரிந்தவர் ஒருவர் அந்தக் கம்பியைப் பாவுக்குள் விடும்போது ஒரு மாற்றம் நடக்கிறது. வேலியில் கம்பி தன் பலத்தில் நிற்கிறது. துணியில் அது நிற்க வேண்டுமானால் லினன் இழைகள் பிடித்துக்கொள்ள வேண்டும். முள் முள்ளாகவே இருக்கிறது. அதைத் தாங்குவது என்னவோ நூல். என் கேள்விக்கு நான் கண்ட முதல் பதில் இது. இந்தத் துணிகள் ஆற்றுவதாக நடிப்பதில்லை. காயத்தின் காரணத்தைத் துணியின் விதிக்குக் கீழே கொண்டுவருகின்றன, அவ்வளவுதான். ‘குணமாதல்’ என்ற சொல் இந்த வகைக் கலையைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு மிகச் சுலபமாக வந்துவிடுகிறது. நூல் என்றாலே மென்மை, பெண் என்றாலே ஆறுதல் என்ற பழைய பழக்கம். அண்டர்வுட்டின் நெசவை யாராவது தோளில் போர்த்திப் பார்க்கட்டும்.

சால்வையும் ஊக்கும்

போர்த்துவது பற்றிப் பேசினால் ரெபோசோ வரும். மெக்சிகோப் பெண்களின் நீள்சால்வை. வெயிலுக்குத் தலையில் போடுவது, குழந்தையை முதுகில் கட்டுவது, சந்தைச் சாமான் மூட்டை கட்டுவது எல்லாம் அதில்தான். பேறு பார்க்கும் மருத்துவச்சிகள் கர்ப்பிணியின் இடுப்புக்கடியில் ரெபோசோவை விட்டு இரு முனைகளையும் பிடித்து மெல்ல ஆட்டி உடம்பைத் தளர்த்துவார்கள். செத்தால் அதையே போர்த்துவதும் உண்டு. இந்தப் பண்பாட்டில் துணி மருத்துவப் பொருள் என்று சொல்வது உருவகம் இல்லை.

2001இல் அண்டர்வுட் இரண்டு ரெபோசோக்கள் செய்தார்: ‘எல்லையின் சால்வைகள்: பகல், இரவு’. கம்பி கலந்த நெசவு. ஓடும் குடும்பத்தை அச்சிட்ட சின்னச் சின்னத் துணித்துண்டுகள் அவற்றின் மேல் ஊக்குகளால் மாட்டப்பட்டிருக்கின்றன. ஊக்கு அவருடைய வேலைகளில் அடிக்கடி வரும். தைக்க நேரமில்லாதவள், தைக்க நூல் இல்லாதவள், இப்போதைக்கு ஒட்டிக்கொண்டால் போதும் என்றிருப்பவள் கையில் இருப்பது ஊக்கு. தாலிக்கொடியில் இரண்டு மூன்று ஊக்கைக் கோத்துவைத்துக்கொண்டு திரியும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தையல் நிரந்தரம், ஊக்கு தற்காலிகம், எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். தாள் இல்லாதவர்களின் குடும்பம் எதனால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை இந்த ஊக்கு சொல்லிவிடுகிறது.

2009, 2010 வாக்கில் தொடங்கிய எல்லைக்கோட்டு வரிசை அளவில் பெரியது. சுவர் முழுக்க, சுமார் 3,145 கிலோமீட்டர் நீளமான எல்லையின் வளைவு. ஆணி, முள்கம்பி, நூல். அதன் மேல் நான்கு எல்லை மாநிலங்களின் மாநிலப் பூக்கள் பெரிது பெரிதாக. கலிபோர்னியாவின் பொன்னிறக் கசகசாப் பூ, அரிசோனாவின் சகுவாரோ கள்ளிப்பூ, நியூ மெக்சிகோவின் யூக்கா, டெக்சாஸின் புளூபானெட். ஒவ்வொன்றையும் அந்தந்த மாநிலம் 1901க்கும் 1931க்கும் இடையே சட்டம் போட்டுத் தன்னுடையது என்றது. பூ இரண்டு பக்கமும் பூக்கிறது. கருத்து நல்லது. ஆனாலும் முதல் பார்வையிலேயே முழுதும் விளங்கிவிடுகிறது, இரண்டாம் பார்வைக்கு அதிகம் மிச்சம் வைப்பதில்லை என்பது என் குறை.

வரிசையில் நின்றவர்களின் முடிச்சு

யாருக்கு என்ற இரண்டாம் கேள்விக்கு அண்டர்வுட்டை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. தனியாகத் தறியில் நெய்த துணி. பார்ப்பவர் அருங்காட்சியகத்துக்கு வர வேண்டும். அடுத்த தலைமுறையின் தான்யா அகினிகா இதை வேறு முனையிலிருந்து பிடித்தார். 1978இல் சான் டியாகோவில் பிறந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் திகுவானாவில் வளர்ந்தவர். பல ஆண்டுகள் பள்ளிக்கே தினமும் எல்லை தாண்டிப் போனவர். 2016இல் அவர் தொடங்கிய ‘அம்போஸ்’ திட்டத்தில், அந்த இரு நகரங்களுக்கும் இடையே உள்ள சான் இசித்ரோ எல்லைக் கடவையில் காத்து நிற்பவர்களிடம் இரண்டு நூலிழைகளும் ஓர் அஞ்சல் அட்டையும் கொடுத்தார்கள். இந்த எல்லையைக் கடக்கும்போது என்ன நினைக்கிறீர்கள் என்று அட்டை கேட்டது. இரண்டு இழைகளையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுத் தர வேண்டும். அந்தக் கடவையில் நாளொன்றுக்கு வடக்கே போகும் வாகனப் பயணிகள் ஏறத்தாழ 70,000 பேர், நடந்து போகிறவர்கள் 20,000 பேர். மணிக்கணக்கில் வண்டியில் முடங்கிக் கிடக்கும் கைகளுக்கு ஒரு வேலை கிடைத்தது. முடிச்சுகளைக் கோத்து, ஆண்டிஸ் மலை இன்காக்கள் கணக்கு வைத்த கீப்பு முடிச்சுக் கயிற்றின் வடிவில் தொங்கவிட்டார்கள். பிறகு எல்லையின் மற்ற கடவைகளுக்கும் போனார்கள்.

கீப்பு தென்னமெரிக்காவினுடையது. மெக்சிகோ எல்லையில் அதை முன்னோர் சொத்தாக எடுத்தாள்வது எனக்குக் கொஞ்சம் இடறுகிறது. ‘பழங்குடி’ என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடும் அபாயம் சிகானெக்ஸ் கலையில் எப்போதும் உண்டு. அண்டர்வுட் பெரும்பாலும் தன் வீட்டிலிருந்தும் தன் சாலையிலிருந்துமே எடுத்தார். ஆனால் எண்ணிக்கை வைக்கும் கருவி என்ற அளவில் கீப்பு அங்கே பொருந்துகிறது: கடவையில் மனிதர்களை எண்ணும் அரசின் கணக்குக்குப் பக்கத்தில் அவர்களே போட்ட இன்னொரு கணக்கு.

அகினிகாவும் இன்னொரு பெண் கலைஞரும் எல்லை வேலிக்கு இருபுறமும் அமர்ந்து இடுப்புத்தறியைக் கட்டிக்கொண்ட நிகழ்வையும் சொல்ல வேண்டும். இடுப்புத்தறியின் ஒரு முனை மரத்திலோ தூணிலோ இருக்கும், மறுமுனை நெய்பவரின் இடுப்பில். அவர் பின்னால் சாய்ந்தால் பாவு இறுகும், முன்னால் வந்தால் தளரும். மரத்துக்குப் பதில் இன்னொரு உடம்பு இருந்தால் ஒருத்தி சோர்ந்ததும் மற்றவளின் பாவு தொய்ந்துவிடும். வேலியின் கம்பிகளுக்கு நடுவே பாவு போகிறது. அந்தப் பக்கத்தின் மூச்சு இந்தப் பக்கத்து இடுப்பில் தெரியும். குணமாவது பற்றி யாராவது பேசினால் நான் காட்டக்கூடியது இதைத்தான். அதிலும் ஆறுதலைவிட உழைப்பே அதிகம்.

பெட்டகத்துக்குள் போன பிறகு

‘வழிகளின் கன்னி’ இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தின் சொத்து. வேலி கட்டிய அரசே வேலியைப் பற்றிய துணியையும் பாதுகாக்கிறது. இதில் முரணைக் கண்டு புன்னகைப்பது சுலபம். கூலிக்காரர் வீட்டுப் பெண் நாட்டின் தலைநகரில் தன் அப்பாவின் கதையைத் தொங்கவிட முடிந்தது என்பதும் உண்மை. அந்தக் கதைக்குச் சொந்தக்காரர்களில் எத்தனை பேர் பயமில்லாமல் அந்த வாசலில் நுழைவார்கள் என்பதும் உண்மை.

சாலைப் பலகைகள் மொத்தம் பத்து இருந்தன. ‘கேட்கீப்பர்’ நடவடிக்கையும் புது வேலிகளும் வந்தபின் மக்கள் நெடுஞ்சாலையை விட்டு மலைக்கும் அரிசோனாப் பாலைக்கும் தள்ளப்பட்டார்கள். சாவு சாலையிலிருந்து மணலுக்கு இடம் மாறியது. பழுதான பலகைகளைத் துறை மாற்றவில்லை. 2018 பிறந்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை.

முள்கம்பியும் எச்சரிக்கை நாடாவும் கலந்த நெசவுகளுக்கு வேறு சிக்கல். இரும்புத் துரு லினனைத் தின்னும். துருவின் இரும்பு, நாரின் செல்லுலோஸ் உடைவதை விரைவுபடுத்தும். பிளாஸ்டிக் நாடா வெளிச்சம் பட்டுப் பட்டு வெளிறி நொறுங்கும். ஈரப்பதத்தைக் குறைத்தால் கம்பிக்கு நல்லது, லினனுக்கு அவ்வளவு நல்லதல்ல. கம்பிக்கு முன்னால் நாடாதான் போகும் என்று நினைக்கிறேன். அப்போது பாதுகாப்பாளர்கள் முடிவெடுத்தாக வேண்டும்: கலைஞர் கைபட்ட நொறுங்கிய நாடாவை அப்படியே ஒட்டிவைப்பதா, அல்லது எந்த இரும்புச் சாமான் கடையிலும் சில டாலருக்குக் கிடைக்கும் புது நாடாவை வாங்கி மாட்டுவதா. எந்தக் கடையிலும் கிடைக்கும் பொருள் என்பதும் அது அந்தத் தறிக்கு வந்ததற்கு ஒரு காரணம் என்பதால், நான் இரண்டாவதன் பக்கம்.